மலையில் விட்டுவந்த குழந்தை

நைனார்பாளையம்
19.7.1987

செல்விக்கு ராஜாம்பாள் எழுதுவது.

நீ மறுபடி வேலையில் சேர மலைக்குப் போய் இன்றோடு பதிமூன்று நாள் ஆகிறது. நீ போட்ட கடிதத்தைத் தம்பி என்னிடம் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் குழாய் உடைந்துவிட்டது, விடுதிப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது, உனக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறது என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாய். வாணி என்ற பெயர் அதில் எங்குமே இல்லை. இரண்டு தடவை படித்தேன். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

லீவு முடிந்தது, அரசாங்க வேலை, டீச்சர் போய்த்தான் ஆகவேண்டும். அதை நான் குறை சொல்லவில்லை. மூன்று மாதக் குழந்தையை நாத்தனாரிடம் விட்டுப் போவதையும் குறை சொல்லவில்லை. உனக்கு அம்மா இல்லை, வேறு யாரிடம் விடுவாய். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உன்னிடம் நான் வாணியைத் தூக்கிக் காட்டினேன். நீ முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் நின்ற தனசேகரன் பெண்சாதி, "இன்னா பெரிம்மா, பெத்தவ திரும்பிக்கூட பாக்கல" என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லி வைத்தேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. பத்து வருஷம் வாழ்ந்த வீட்டிலிருந்து அதைச் சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். அதனால் தாய் மனசு எனக்குத் தெரியாது என்று நீ சொல்லலாம். சொல்லிக்கொள். ஆனால் குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேள்.

அவள் நன்றாக இருக்கிறாள். கழுத்து நின்றுவிட்டது.

ராஜாம்பாள்


கரியாலூர்
30.7.1987

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாணிக்குக் கழுத்து நின்றது அறிந்து மகிழ்ச்சி. புட்டியைத் தினமும் கொதிக்க வைத்துக் கழுவுங்கள். பசும்பாலை விட டப்பாப் பால் நல்லது.

இங்கே மழை விடவில்லை. குவார்ட்டர்ஸில் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. அவள் உங்களிடம் இருப்பதுதான் அவளுக்கு நல்லது. இதை மனதார எழுதுகிறேன்.

அவரைக் கூட்டம் கூட்டம் என்று அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தங்கள்,
செந்தமிழ்ச்செல்வி


நைனார்பாளையம்
11.8.1987

செல்விக்கு,

ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதிப் போட்டிருப்பதைப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது உன் கடிதம்.

தம்பி வீட்டில் இருப்பதே இல்லை. செப்டம்பரில் ஒரு வாரம் சாலை மறியலாம். நம் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கொடுக்கும் வரை ஒரு வண்டி ஓடக்கூடாது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறான். படித்த பையன்களுக்கு வேலை இல்லாமல் கிடப்பதைப் பார்த்தால் அவன் பேசுவதும் சரிதான். ஆனால் அவனிடம் உன்னைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், "அவளுக்கு வேல ஜாஸ்திக்கா, லீவு வுட்டா வந்துருவா" என்று எழுந்து போய்விடுகிறான். அவனுக்குப் பயம். கேட்டால் நீ என்ன சொல்வாயோ என்ற பயம்.

எனக்குப் பயம் இல்லை, நான் கேட்கிறேன். நீ இங்கே இருந்த மூன்று மாதத்தில் நான் பார்த்தது ஒன்று இருக்கிறது. பிறந்த இருபதாம் நாள் இருக்கும். வாணி வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் கொல்லையிலிருந்து ஓடி வந்தால், நீ அவளுக்கு ஒரு முழ தூரத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறாய். கையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வீட்டுக் குழந்தை அழுகிற மாதிரி பார்க்கிறாய். நான் தூக்கின பிறகு, "அண்ணி, ரொம்ப நேரமா அழுவுதா?" என்று என்னையே கேட்டாய்.

அந்தக் குழந்தை உனக்கு என்ன செய்தது? ஆண் பிள்ளை வேண்டும் என்று இருந்தாயா? தம்பி மேல் கோபமா? இல்லை, நான் ஏதாவது சொன்னேனா?

உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிவிடு. நான் என் பிள்ளையாக வளர்த்துக்கொள்கிறேன். நடுவில் வந்து கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

ராஜாம்பாள்


கரியாலூர்
23.8.1987

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்து நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுதுகிறேன். படித்துவிட்டு இதை யாரிடமும் காட்ட வேண்டாம், அவரிடமும்.

பெண் குழந்தை என்று எனக்குக் குறை இல்லை. உங்கள் மேலும் அவர் மேலும் கோபம் இல்லை. நீங்கள் இருவரும் எனக்குச் செய்ததை எந்த வீட்டிலும் செய்ய மாட்டார்கள்.

பிரசவமான அன்று நர்ஸ் அவளைத் துணியில் சுற்றி என் பக்கத்தில் போட்டார். எல்லோரும் சொல்வார்களே, முகத்தைப் பார்த்ததும் வலியெல்லாம் போய்விடும் என்று. நான் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. களைப்பு என்று நினைத்தேன். மறுநாளும் வரவில்லை. ஒரு மாதம் ஆகியும் வரவில்லை. அவள் அழுதால் எனக்குச் சத்தம் கேட்கும், ஆனால் அது எங்கோ தூரத்தில் கேட்கும். எழுந்திருக்க வேண்டும் என்று தெரியும். கை வராது. பால் வற்றியபோது நீங்களெல்லாம் கவலைப்பட்டீர்கள். எனக்குள்ளே, அப்பாடா என்று இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஜூன் மாதம் ஒருநாள் காலையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். துணி எடுக்கத்தான் போனேன். கிணற்றைப் பார்த்ததும், இவளைப் போட்டுவிடுவாயோ என்று என் தலைக்குள் ஒரு நினைப்பு ஓடியது. போட வேண்டும் என்று ஆசை இல்லை, அண்ணி. போட்டுவிடுவேனோ என்று பயம். ஓடிவந்து அவளைப் பாயில் கிடத்திவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். அன்றிலிருந்து அவளோடு தனியாக இருக்க நேர்ந்தாலே அந்த நினைப்பு வரும். அரிவாள்மனையைப் பார்த்தால் வரும், அடுப்பைப் பார்த்தால் வரும்.

பஸ்ஸில் நான் ஏன் திரும்பவில்லை என்று கேட்டீர்கள். திரும்பிப் பார்த்து, அப்போதும் ஒன்றும் தோன்றாமல் போனால் என்ன செய்வது என்று பயந்தேன். என்னிடமிருந்து அவள் தப்பித்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்டபடியே எழுதித் தருகிறேன். வாணி உங்கள் பிள்ளை. நடுவில் வந்து கேட்க மாட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

செந்தமிழ்ச்செல்வி


நைனார்பாளையம்
3.9.1987

செல்விக்கு,

உன் கடிதத்தை மரவள்ளிக் கொல்லையில் உட்கார்ந்து படித்தேன். கடைசி வரியைப் படித்தபோது எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். இனி என்னைப் பிள்ளையில்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து வாணியைத் தூக்கி, "நீ என் பொண்ணுடி" என்று சொல்லியும் பார்த்தேன்.

பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். அந்தக் கிணற்றடி எழுத்தை மட்டும் நான்கு தடவை படித்தேன். கெட்ட மனசுக்காரி ஓடி வந்து குழந்தையைப் பாயில் கிடத்த மாட்டாள். குழந்தையைக் காப்பாற்ற ஊரை விட்டே போக மாட்டாள். ஒரே வீட்டில் இருந்தும் நான் உன்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருந்தேன்.

தடுப்பூசிக்கு வாணியைக் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு லேடி டாக்டரம்மா இருந்தார்கள். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டு முழுதும் கேட்டார்கள். இது பிள்ளை பெற்ற சில பேருக்கு வருகிற நோயாம். மனச்சோர்வு என்று சொன்னார்கள். பேயும் இல்லை, கொழுப்பும் இல்லை, பெற்றவள் குற்றமும் இல்லை. காய்ச்சல் மாதிரி இதற்கும் மாத்திரை இருக்கிறது, குணமாகும். "அந்த நினைப்பு வந்து பயப்படறாங்க பாருங்க, அந்தப் பயமே அவங்க மனசு எப்படின்னு சொல்லுது" என்றார்கள். குழந்தையோடு அவளைத் தனியாக விடக்கூடாது, ஆனால் குழந்தையை ஒரேயடியாகப் பிரிக்கவும் கூடாது. யாராவது கூடவே உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். பாசம் சில பேருக்குச் சட்டென்று வரும், சில பேருக்குப் பழகப் பழகத்தான் வரும், அதிலே தாழ்வு ஒன்றும் இல்லை என்றார்கள்.

உன்னை நேரில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அதுவரை என்ன செய்ய வேண்டும் என்று கரியாலூர் கிராம நர்சுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணகி என்று பெயராமே, திருக்கோவிலூர்ப் பெண். உன் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாளாம்.

பதினைந்தாம் தேதி வாணியோடு வருகிறேன். இரண்டு நாள் இருந்துவிட்டு, மறியல் தொடங்கும் முன் திரும்பிவிடுவேன். வராதே என்று பதில் போட்டால் நான் படிக்க மாட்டேன்.

ராஜாம்பாள்


நைனார்பாளையம்
29.9.1987

செல்விக்கு,

நீ இப்போது என்ன கோபத்தில் இருப்பாய் என்று தெரியும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாளுக்கு என்று வந்தவள் வண்டி ஓடாமல் பதினோரு நாள் உன்னோடு மாட்டிக்கொண்டேன். தம்பியைக் கைது செய்து கடலூர் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள் என்று கண்ணகிக்குச் சேதி வந்தது வெள்ளிக்கிழமை. இங்கே எருமைகள் இரண்டும் பக்கத்து வீட்டுத் தயவில் நின்றன. நான் போயாக வேண்டும். வாணியைக் கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று கண்ணகியைத்தான் கேட்டேன். "வழி பூரா மரத்த வெட்டிப் போட்டு வச்சிருக்காங்க பெரிம்மா, கைக்கொழந்தைய எப்பிடி தூக்கிக்கினு போவீங்க? இங்க இருக்கட்டும். நான் என் பொட்டியத் தூக்கிக்கினு டீச்சர் வூட்டுக்கே வந்துர்றேன்" என்றாள். எங்கேயும் போக மாட்டேன், ஒரு நேரமும் உங்கள் இருவரையும் தனியாக விட மாட்டேன் என்று என் கையில் அடித்துச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை நீ வாணியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய். கண்ணகி பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டேன். உன்னிடம் சொல்லியிருந்தால், "வேணாம் அண்ணி, கூட்டிக்கினு போயிருங்க" என்று நீ சொல்லியிருப்பாய். உடனே தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அதற்குப் பயந்துதான்.

அந்தப் பதினோரு நாள் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. முதல் நாள் நீ அறையின் அந்த மூலையில் உட்கார்ந்தாய். மூன்றாம் நாள் கண்ணகி உன்னைச் சாய்ந்து படுக்க வைத்து, வாணியின் சட்டையைக் கழற்றி உன் நெஞ்சோடு கவிழ்த்துப் போட்டாள். வாணி என்னைப் பார்த்து அழுதாள். தூக்கக்கூடாது என்று கண்ணகி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உன் முதுகுக்குப் பின்னால் வந்து உட்காரச் சொன்னாள். நீ என் மேல் சாய்ந்தாய், அவள் உன் மேல் கிடந்தாள். நீ நடுங்கினது என் உடம்பில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்ததும் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் விட்டுவரத் துணிந்தேன்.

கச்சிராயபாளையம் வரை நடந்து, ஒரு டிராக்டரில் ஏறி, மறுபடி நடந்து வீடு வந்தேன். ரோட்டில் புளியமரமெல்லாம் கிடக்கிறது.

பஸ் ஓட ஆரம்பித்ததும் கண்ணகியோடு போய் டாக்டரம்மாவைப் பார். காதுக்குப் பின்னால் பவுடர் போடாதே, அவளுக்குச் சேராது.

ராஜாம்பாள்


கரியாலூர்
10.10.1987

அண்ணிக்கு,

ஈரக் குழந்தையோடு வெளியே வந்து, "அண்ணி, துண்டு" என்று கேட்டேன். நீங்கள் இல்லை. கண்ணகி சொன்னதும் எனக்கு நின்ற இடம் தெரியவில்லை. உங்களை அன்று நான் திட்டிய திட்டு ஒரு டீச்சர் வாயில் வரக்கூடாது. வாணியும் என்னோடு சேர்ந்து அழுதாள். இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலைத் தட்டிவிட்டாள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு என்னை வேண்டாம், எனக்கு அவள் யார் என்றே தெரியவில்லை. கண்ணகிதான் பாவம், இரண்டு பேரையும் சமாளித்தாள்.

மூன்றாம் தேதி கள்ளக்குறிச்சி போய் வந்தோம். டாக்டர் ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் கிணற்றைப் பற்றிச் சொன்னபோது அவர்கள் முகம் மாறவில்லை. அதுவே எனக்குப் பாதி மருந்து. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வேலை செய்ய மூன்று, நான்கு வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது என்றார்கள். அரிவாள்மனையைக் கண்ணகி தன் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. இப்போது அது அங்கே இருப்பது நிம்மதியாகவும் இருக்கிறது.

தினமும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. எண்ணெய் தேய்த்துக் கைகால் நீவுவது, குளிப்பாட்டுவது, நெஞ்சோடு போட்டுக்கொண்டு அரை மணி நேரம். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் செய்கிறேன். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்கிறாள் கண்ணகி. அதுதான் எனக்கு வரவில்லை. கண்ணே, மணியே என்று சொன்னால் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. "எதையாவது பேசுங்க டீச்சர். வார்த்தையா முக்கியம், கொரலுதான்" என்றாள். வேறு எதுவும் வராமல் எட்டாம் வாய்ப்பாடு சொன்னேன். ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு. வாணி அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். எண்பது வரை சொன்னேன். நிறுத்தினதும் காலை உதைத்தாள். மறுபடி ஆரம்பித்தேன்.

பாசம் வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். வரவில்லை. அந்த நினைப்பு வருவது மட்டும் கொஞ்சம் கம்மியாகியிருக்கிறது.

அவரைப் பார்க்க விட்டார்களா? எழுதுங்கள்.

செல்வி


நைனார்பாளையம்
25.10.1987

செல்விக்கு,

தம்பி தீபாவளிக்கு முந்தின நாள் ஜாமீனில் வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். ஜெயிலில் உன் விஷயத்தைச் சொன்னேன். நீ யாரிடமும் சொல்லாதே என்றாய், மன்னித்துக்கொள், அவனுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குப் பட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். "ரோடு ரோடா போய்ப் பேசினேன். வூட்டுல ஒக்காந்து ஒரு வார்த்த கேக்கலியேக்கா" என்றான். இந்த வாரம் அங்கே வருகிறான். இனி பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வருவான். அவன் வந்தால் அவனையும் குளிப்பாட்டச் சொல். ஆம்பிளை செய்யக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

இப்போது என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். நீ மறைக்காமல் எழுதினாய், நானும் எழுத வேண்டும். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் வாணியைக் கூட்டிவரப் பையோடு கிளம்பி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரை வந்து திரும்பிப் போனேன். தூளி கட்டின கயிறு உத்தரத்தில் அப்படியே தொங்குகிறது, அவிழ்க்கக் கை வரவில்லை. பாட்டிலைத் தட்டிவிட்டாள் என்று நீ எழுதினதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ தோற்றுப்போக வேண்டும், கண்ணகி என்னைக் கூப்பிட்டுக் குழந்தையைக் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்படி ஒரு ஆசை எனக்குள் இருந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தும் என்னை அண்ணி என்று கூப்பிடுவாயானால் கூப்பிடு.

இன்னும் கொஞ்ச நாளைக்கு நான் அங்கே வர மாட்டேன். வந்தால் என் கை சும்மா இருக்காது. அவள் உன்னைத் தேடிப் பழகட்டும்.

ராஜாம்பாள்


கரியாலூர்
22.11.1987

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். உங்கள் ஆசையை நான் அந்தப் பதினோரு நாளிலேயே பார்த்தேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தது எனக்குத் தெரியாதென்றா நினைத்தீர்கள்?

போன புதன்கிழமை நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். அன்று ஊசி போடும் நாள். மரத்தடியில் மலைக்காரப் பெண்கள் எல்லோரும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வாணியின் முறை வந்தது. என் மடியில் வைத்துக் காலைப் பிடித்துக்கொண்டேன். கண்ணகி ஊசி போட்டாள். வாணி மூச்சு நிற்கிற மாதிரி வீறிட்டாள். வீறிட்டவள் அப்படியே திரும்பி என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் என் ரவிக்கையைப் பிடித்து இழுத்தாள். உங்களைத் தேடி வழியைப் பார்க்கவில்லை, அண்ணி. வேறு யாரையும் தேடவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "மெதுவா போடக் கூடாதா? கொழந்தன்னு தெரியல?" என்று கண்ணகியிடம் கத்தினேன். அத்தனை பேர் முன்னால். இரண்டு மாதமாக எனக்காகத் தன் வீட்டை விட்டுவிட்டு இருக்கிறவளிடம்.

கண்ணகி ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இதுக்குத்தான் டீச்சர் காத்துக்கினு இருந்தேன். நல்லா திட்டுங்க" என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவளுக்கு வலித்தது எனக்கு வலித்திருக்கிறது. அவள் அழுதது தூரத்தில் கேட்கவில்லை, என் காதிலேயே கேட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மலைக்காரப் பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊசிக்குத் தாயும் சேர்ந்து அழுகிறாள் என்று ஒருத்தி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

எல்லா நாளும் இப்படி இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடி எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். டாக்டர் இது இப்படித்தான் ஏறி இறங்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்தப் பாசம் போனாலும் திரும்ப வரும் என்று இப்போது எனக்குத் தெரியும். அரிவாள்மனையைக் கண்ணகியிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். இன்று அதில் பூசணி அரிந்தேன்.

அவர் இரண்டு முறை வந்து போனார். குளிப்பாட்டினார். அவர் சட்டைதான் முழுக்க நனைந்தது.

உங்கள்,
செல்வி


நைனார்பாளையம்
2.1.1988

செல்விக்கு,

உன் கடிதத்தைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். எருமைக்கு அப்போதுதான் தண்ணீர் காட்டியிருந்தேன்.

கரும்பு வெட்டு நடப்பதால் பதில் போட இத்தனை நாள் ஆயிற்று. அதோடு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. நம் கொல்லைக்குக் களை எடுக்க வருவாளே தைலம்மாள், காலனித் தெருவில் இருக்கிறவள், அவளுக்குப் பிள்ளை பிறந்து ஒன்றரை மாதம். வேலைக்கு வந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள், அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை, காற்று அடித்துவிட்டது, பூசாரியிடம் காட்ட வேண்டும் என்று. எனக்குக் கையிலிருந்த அரிவாள் நின்றுவிட்டது.

மறியலின்போது எங்கெங்கோ காலனிக் கூரைகள் எரிந்த பிறகு, இங்கேயும் இரண்டு தெருவுக்கும் நடுவில் பேச்சு குறைந்துபோயிருந்தது. நம் தெருப் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நான் போனேன். அவள் மாமியார் வாசலை மறித்துக்கொண்டு, "நீங்க எதுக்குங்க இங்க வந்தீங்க" என்று கேட்டாள். கேட்டதில் பயமும் இருந்தது, கோபமும் இருந்தது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. என் தம்பி பெண்சாதிக்கும் இதே மாதிரி வந்தது, டாக்டரம்மா குணப்படுத்தினார்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். நிலைப்படியிலிருந்து நகர்ந்து வழி விட்டாள்.

தைலம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் உன்னைக் கேட்ட மாதிரி அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு புத்தி வந்திருக்கிறது. "பிள்ளயப் பாத்தா ஒண்ணுமே தோணலியாம்மா? தோணாட்டி பரவால்ல, அது நோவு" என்று மட்டும் சொன்னேன். முதுகு குலுங்கியது. நான்கு நாள் கழித்து நம் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அந்த மாமியாரும் வந்தாள். இப்போது தினமும் மத்தியானம் போய் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்கிறேன். தெருவில் நான்கு பேர் தம்பியிடம் பிராது சொன்னார்கள். மறுநாள் அவன் சாப்பிடும்போது, "அந்தப் பொண்ணுக்கு எப்பிடிக்கா இருக்கு?" என்று கேட்டான்.

ஆனால் எனக்குத் தெரிந்தது வெளியே இருந்து பார்த்ததுதான். உள்ளே இருந்து பார்த்தவள் நீ. ஒருநாள் நீ வந்து அவளிடம் பேச வேண்டும். பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது நான் வாணியைப் பார்த்து. உட்காருகிறாளா, தவழ்கிறாளா, ஒன்றும் தெரியாது. தம்பியிடம் கேட்டால், நன்றாக இருக்கிறாள் என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ராஜாம்பாள்


கரியாலூர்
8.1.1988

அன்புள்ள அண்ணிக்கு,

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். கண்ணகி தைப்பொங்கலுக்குத் திருக்கோவிலூர் போகிறாள், கள்ளக்குறிச்சி வரை எங்களோடு வருவாள். அன்றே சாயங்காலம் தைலம்மாளைப் போய்ப் பார்க்கலாம். அவளிடம் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை. கிணற்றைப் பற்றிச் சொல்வேன் என்று நினைக்கிறேன். அதை ஒருத்தி வாயால் கேட்டால் அவளுக்குச் சுமை இறங்கும். மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை என்பதையும் சொல்வேன்.

வாணி தவழ்கிறாள். கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. வகுப்பில் என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு சாக்பீஸ் தின்கிறாள். நான் வெளியே போனால் அழுகிறாள். முன்பெல்லாம் அந்த அழுகையிலிருந்து ஓடிப்போக நினைப்பேன். இப்போது பாதி வழியில் திரும்பி வந்துவிடுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அண்ணி. இந்த மாதத்தில் அவளுக்குப் புது முகம் கண்டால் பயம். இங்கே பார்க்காத ஒருவர் தூக்கினால் வீறிடுகிறாள். மூன்று மாதம் உங்களைப் பார்க்கவில்லை, உங்களையும் மறந்திருப்பாள். பஸ் ஸ்டாண்டில் நீங்கள் கையை நீட்டினால் அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அது உங்களை எப்படிக் குத்தும் என்று நினைக்கும்போதே எனக்குத் தாங்கவில்லை.

அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் நீங்கள் சுவரில் சாய்ந்து உட்காருங்கள். நான் உங்கள் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி உட்காருகிறேன். முதலில் அவள் என் மடியில் இருக்கட்டும். நாம் இருவரும் பேசிக்கொண்டிருப்போம், உங்கள் குரல் அவள் காதில் விழட்டும். அழுதால் அழட்டும், நான் எழுந்து போக மாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாள் ஆகலாம். எனக்கு ஒரு வாரம் லீவு இருக்கிறது. உங்களிடம் பழக்கிவிட்டுத்தான் அவளோடு மலையேறுவேன்.

உங்கள்,
செல்வி